ஆற்று வெள்ளத்துக்கும் புயல் எழுச்சிக்கும் ஒரே கரை: படிப்படியான வடிவமைப்பு வழிகாட்டி

கடலை நெருங்கும் ஆற்றின் கரைக்கு நீர் இரண்டு திசையிலிருந்து வரும். மேலிருந்து இறங்கும் வெள்ளம் ஒன்று. புயல் கடலிலிருந்து ஆற்றுக்குள் தள்ளிவிடும் நீர் இன்னொன்று. இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டாவதை 'எழுச்சி' என்றே குறிப்பிடுகிறேன். 'கரை' என்று சொல்வது நீரைத் தடுக்கக் கட்டும் மண்கரையை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். வெள்ள மட்டம் ஒன்றைக் கணக்கிடுவார்கள், எழுச்சி மட்டம் ஒன்றைக் கேட்டு வாங்குவார்கள், இரண்டில் பெரியதை எடுத்து அதன்மேல் ஒரு மீட்டர் கூட்டி, குறுக்குவெட்டை வரைந்துவிடுவார்கள். கிடைக்கும் உயரம் ஏறக்குறைய சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் போதிய உயரமுள்ள கரைகளும் உடைகின்றன.

வெள்ளம் வாரக்கணக்கில் நிற்கும். கரையின் உடலையும் அடிமண்ணையும் ஊறவைத்துக் கீழே வழி தேடும். எழுச்சி சில மணி நேரத்தில் வந்து போய்விடும், ஆனால் அலையோடு வந்து உச்சியைத் தாண்டி நிலப்பக்கப் பின்சரிவைச் சுரண்டும். அதனால் கரை உடையக்கூடிய ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக எடுத்து, 'இதற்கு எந்தச் சுமை மோசம்?' என்று கேட்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியை ஒட்டியே போகிறது.

1. கணக்கைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டேட்டம். எல்லா உயரங்களும் எந்த அடிப்படை மட்டத்திலிருந்து அளக்கப்பட்டவை என்று எழுதி வையுங்கள். ஆற்று அளவுகோல் ஒரு டேட்டத்தில் இருக்கும், கடலுக்கான கணினி மாதிரி இன்னொன்றில் இருக்கும், பழைய கரை வரைபடம் மூன்றாவதில் இருக்கும். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஆய்வு, சில கட்டமைப்புகள் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்ததைக் கண்டது. நிலம் தாழ்ந்தது ஒரு காரணம். நில அளவை டேட்டத்தையும் கடல் மட்டத்தையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொண்டது இன்னொரு காரணம்.

அடுத்து, நீர்மட்டப் பதிவுகள். ஆற்றுக்குத் தினசரிப் பதிவு போதும் என்று நினைப்பார்கள். எழுச்சியின் உச்சம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் அது தினசரிப் பதிவில் விழாமலே போகலாம். முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கிப் பல இடங்களுக்கு மணிவாரிப் பதிவு வேண்டும்.

மூன்றாவது, போர்ஹோல்கள், அதாவது மண்ணைச் சோதிக்கப் போடும் துளைகள். கரையின் உச்சியில் மட்டும் துளையிட்டால் போதாது. இரண்டு பக்கக் கரையடியிலும் துளையிடுங்கள். பல ஆண்டுகளாகக் கரையின் எடையைச் சுமந்த மண் இறுகி வலுவாக இருக்கும், கரையடிக்கு வெளியே அதே மண் தளர்வாக இருக்கும். உச்சியில் கிடைத்த வலிமையை வெளியிலும் பயன்படுத்தினால் கணக்கு பொய்யான நம்பிக்கையைத் தரும்.

இவற்றோடு ஆற்றடியின் குறுக்குவெட்டுகள், நிலம் தாழும் வேகம், கரையைக் குறுக்கே கடக்கும் குழாய், கேபிள், சாலை, ரயில் பாதை எல்லாவற்றின் பட்டியலும் வேண்டும். கடைசிப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்களே அதிகம். எட்டாவது படியில் அதன் விலை தெரியும்.

2. ஆற்றை நீளவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள்

முகத்துவாரத்துக்கு அருகே எழுச்சி ஆளும் பகுதி, வெகுதூரம் மேலே வெள்ளம் ஆளும் பகுதி, நடுவில் இரண்டும் கலக்கும் பகுதி. இந்தப் பிரிவைச் செய்யாமல் முழு நீளத்துக்கும் ஒரே வடிவத்தைப் போட்டால், மேற்பகுதியில் தேவையில்லாத அலைக் கவசத்துக்குச் செலவழிப்பீர்கள், கீழ்ப்பகுதியில் பின்சரிவை வெறுமையாக விட்டுவிடுவீர்கள்.

பிரிப்பதற்கு எளிய வழி உண்டு. வடிவமைப்பு வெள்ளத்தின் (கரை தாங்க வேண்டும் என்று தேர்ந்த வெள்ளத்தின்) நீர்மட்டக் கோட்டையும் வடிவமைப்பு எழுச்சியின் கோட்டையும் ஒரே நீள்வெட்டில் வரையுங்கள். முதலாவது மேலிருந்து சரிந்து வரும். இரண்டாவது கடலிலிருந்து மேல்நோக்கிப் போகப் போகப் பொதுவாகத் தேயும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு இருபுறமும் கணிசமான நீளத்தைக் கலப்புப் பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் புள்ளியில் இரண்டு கோடுகளும் சமம் என்பதாலேயே ஆபத்து அங்கே குறைவு என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் கூடுதல், ஏன் என்பது அடுத்த படியில் வரும்.

எழுச்சி ஆற்று வழியாக மட்டுமே வரும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கடைசிப் பகுதியான பிளாக்கமின்ஸில் ஆற்றின் கிழக்குப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் தடுப்புக் கரை கிடையாது. பிரெட்டன் சவுண்ட் என்ற கடற்பகுதியிலிருந்து வரும் நீர் சதுப்பு நிலத்தைக் கடந்து, ஆற்றையும் கடந்து, மேற்குக் கரையில் முட்டிக் குவிகிறது. ஆற்றுக்காகக் கட்டிய கரை அங்கே கடற்சுவராக வேலை செய்கிறது. உங்கள் ஆற்றிலும் எதிர்க்கரை எவ்வளவு உயரம், அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சில இடங்களில் நீர் கரையின் நிலப்பக்கத்திலிருந்தும் வரும். பின்னால் இருக்கும் இன்னொரு கரை உடைந்தாலோ வழிந்தாலோ ஆற்றுக்கரையின் முதுகில் நீர் நிற்கும். அப்படிப்பட்ட நீளங்களைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள்.

3. இரண்டும் சேரும் வாய்ப்பைக் கணக்கிடுங்கள்

இந்த வேலையின் இதயம் இந்தப் படிதான். இங்கே செலவழிக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இரண்டு எதிரெதிரான தவறுகளைப் பார்க்கிறேன். ஒருவர் உச்ச வெள்ளத்தின்மேல் உச்ச எழுச்சியை அப்படியே ஏற்றி வைப்பார். கட்டவே முடியாத உயரம் வரும். இன்னொருவர் இரண்டில் பெரியதை எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார். இந்த இரண்டாவது தவறு பார்ப்பதற்கு நியாயமாக இருப்பதால் அதிக ஆபத்தானது.

முதலில் உங்கள் ஆற்றில் இரண்டுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். பெரிய ஆறுகளில் வெள்ளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உருகிய பனியிலும் பெய்த மழையிலும் பிறக்கிறது. கடலில் உருவாகும் புயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பருவம் மட்டும் சில சமயம் ஒன்றின்மேல் ஒன்று படியும். சிறிய ஆறுகளில் ஒரே புயல் எழுச்சியையும் கொண்டுவரும், மலையில் மழையையும் கொட்டும். அங்கே இரண்டும் சேர்ந்துதான் வரும், சில மணி நேர இடைவெளியில். முதல் வகைக்குச் செய்த கணக்கை இரண்டாவதற்குப் பயன்படுத்தினால் ஆபத்தை மிகக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

மிசிசிப்பி முதல் வகை. வழக்கமாக வசந்தத்தில் ஆறு உயரும், கோடை முடிவில் ஹரிக்கேன்கள் உச்சம் பெறும். அதை நம்பிக்கொண்டிருந்த வேளையில் 2019 ஜூலையில் பேரி புயல் வந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஆறு அப்போதும் சுமார் 16 அடியில் நின்றது. ஒரு கட்டத்தில் 20 அடி வரை போகலாம் என்று முன்னறிவித்தார்கள், கரையின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீர் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனாலும் 'பருவங்கள் வேறு' என்ற ஒரு வரியை நம்பி வடிவமைக்க முடியாது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

சரி, கணக்கை எப்படிச் செய்வது? ஆற்றின் ஓட்டத்தைச் சில வகுப்புகளாகப் பிரியுங்கள்: தாழ்வு, நடுத்தரம், உயர்வு என்று. புயல் பருவத்தில் ஒவ்வொரு வகுப்பும் எத்தனை பங்கு நேரம் நிலவுகிறது என்பதைப் பதிவிலிருந்து எடுங்கள். பிறகு வெவ்வேறு வலிமை, வேகம், பாதை கொண்ட புயல்களை ஒவ்வொரு ஓட்ட வகுப்போடும் சேர்த்துக் கணினி மாதிரியில் ஓட்டுங்கள். கடல் மாதிரியும் ஆற்று மாதிரியும் பிணைந்திருக்க வேண்டும், தனித்தனியாக ஓட்டிக் கூட்டக் கூடாது.

காரணம், எழுச்சி ஆற்றின்மேல் நேர்க்கூட்டலாக ஏறுவதில்லை. 2012-ல் ஐசக் புயலின்போது, நியூ ஆர்லியன்ஸுக்குச் சற்றுக் கீழே உள்ள பெல் சேஸில் மிசிசிப்பி சுமார் ஒரு நாள் முழுக்கப் பின்னோக்கி ஓடி, சுமார் 10 அடி உயர்ந்தது. அப்போது வறட்சியால் ஆறு மிகவும் தாழ்ந்திருந்தது. ஆறு நிறைந்து வேகமாக ஓடும்போது அது எழுச்சியை எதிர்க்கும், ஏறும் அளவு குறையும். மொத்த மட்டம் அப்போதும் கூடலாம், ஆனால் 10 அடியை எந்த ஓட்டத்தின்மேலும் வைத்துவிட முடியாது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. கலப்புப் பகுதியில் ஓரிடத்தில் 5 மீட்டர் மட்டத்தைத் தாண்டும் வாய்ப்பைப் பார்ப்போம். புயல் பருவத்தில் 85 சதவீத நேரம் ஆறு தாழ்வாக இருக்கிறது, அந்த நிலையில் எழுச்சி 5 மீட்டரைத் தாண்டும் வாய்ப்பு ஆண்டுக்கு 200-ல் 1. மீதி 15 சதவீத நேரம் ஆறு உயர்ந்திருக்கிறது, அப்போது வாய்ப்பு 30-ல் 1. பங்கைப் பெருக்கிக் கூட்டினால் 0.00425 + 0.005 = 0.00925, அதாவது ஏறக்குறைய 108-ல் 1. உயர்ந்த ஆறு 15 சதவீத நேரம்தான் இருந்தது, மொத்த ஆபத்தில் பாதிக்குமேல் அதிலிருந்தே வந்தது.

இன்னும் முடியவில்லை. அதே இடத்தில் புயல் எதுவும் இல்லாமல் வசந்த வெள்ளம் மட்டுமே 5 மீட்டரைத் தாண்டும் வாய்ப்பு 100-ல் 1 என்று வையுங்கள். அதையும் சேர்த்தால் 0.019, அதாவது 52-ல் 1. வெள்ளக் குழு 'நூறாண்டு மட்டம் 5 மீட்டர்' என்று சொல்லும், புயல் குழுவும் ஏறக்குறைய அதையே சொல்லும், இரண்டும் சரிதான். ஆனால் கரைக்கு அது ஐம்பதாண்டு மட்டம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஆபத்து கூடுதல் என்று சொன்னது இதனால்தான்.

4. உச்சி மட்டத்தை இந்த வரிசையில் கட்டுங்கள்

அலையில்லாத நீர்மட்டம் முதலில். அதன்மேல் அலை. அதன்பின் கணக்கின் நிச்சயமின்மை. கடைசியில் எதிர்காலத்தில் கரையும் நிலமும் தாழும் அளவு. இந்த நான்கையும் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். ஒரே எண்ணாக 'ஃப்ரீபோர்டு (நீர்மட்டத்துக்கு மேல் விடும் கூடுதல் உயரம்) 1 மீட்டர்' என்று போட்டால், எதற்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று பத்தாண்டு கழித்து யாருக்கும் தெரியாது. சிலர் வெள்ள ஃப்ரீபோர்டையும் எழுச்சி ஃப்ரீபோர்டையும் இரண்டு முறை கூட்டிவிடுவதும் இதனால்தான்.

வெள்ளம் ஆளும் பகுதியில் அலை சிறியது, அங்கே கூடுதல் உயரம் நிச்சயமின்மைக்காக. எழுச்சி ஆளும் பகுதியில் அளவுகோல் மாறுகிறது. ஒவ்வொரு அலையும் தாண்டாத உயரத்தைத் தேடினால் கரை வானளவுக்குப் போகும். அதனால் உச்சிக்கு மேல் எவ்வளவு நீர் தெறித்து வழியலாம் என்று ஒரு வரம்பு வைக்கிறோம்.

கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் புல்வளர்ந்த கரைகளுக்கு வைத்த வரம்பு நல்ல தொடக்கம். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள புயலில், கரையின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் விநாடிக்கு 0.1 கனஅடிக்குமேல் வழியக் கூடாது என்பதில் 90 சதவீத உறுதி வேண்டும், 0.01 கனஅடிக்குமேல் வழியக் கூடாது என்பதில் 50 சதவீத உறுதி வேண்டும். மீட்டர் கணக்கில் முறையே சுமார் 9 லிட்டர், 1 லிட்டர்.

ஆறு குறுகலானது, அலை எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். சாதாரண நாளில் சரி. எழுச்சியில் படுகை நிலமெல்லாம் மூழ்கி, காற்று ஓடும் நீர்ப்பரப்பு பல மடங்கு நீண்டுவிடும். ஆற்று வளைவின் வெளிப்பக்கத்தில் நேராக ஓடிவரும் காற்றுக்கு எதிரே நிற்கும் கரைத்துண்டுகளைத் தனியாகப் பாருங்கள்.

ஆற்றுப்பக்கச் சரிவைத் தட்டையாக்கினால் அலை ஏறுவது குறையும், உச்சியையும் குறைக்கலாம். ஆனால் அகலம் கூடும், கடலோரக் களிமண்ணின்மேல் எடையும் கூடும். எனவே இங்கே கிடைக்கும் உச்சி மட்டம் தற்காலிகமானது. ஐந்தாவது, ஆறாவது படிகளை முடித்தபின் திரும்பி வந்து உறுதிசெய்ய வேண்டும்.

5. கரைக்குக் கீழே ஓடும் நீர்

இங்கே வெள்ளமே மோசமான சுமை. மிசிசிப்பி போன்ற ஆறுகளில் உயர்ந்த நீர் மாதக்கணக்கில் நிற்கிறது.

பெரும்பாலான ஆற்றுக்கரைகளின் கீழே மேலாகக் களிமண் படலமும் அதன் அடியில் மணலும் இருக்கும். ஆற்று நீரின் அழுத்தம் மணல் வழியாகக் கரையின் மறுபக்கம் போய்ப் படலத்தை அடியிலிருந்து தூக்கும். படலம் பிளந்தால் கரையடிக்கு அருகே ஊற்று வெடிக்கும். தெளிந்த நீர் வந்தால் கவனியுங்கள். மணலோடு வந்தால் கரைக்குக் கீழே ஆற்றை நோக்கிப் பின்வாங்கி ஒரு துளை வளர்கிறது என்று பொருள்.

சரிபார்ப்பு எளிது. கரையடியில் படலத்துக்குக் கீழே உள்ள மிகை நீர்த்தலையை, அதாவது அங்கே குழாய் இறக்கினால் நிலமட்டத்துக்கு மேல் நீர் எழும் உயரத்தை, படலத்தின் தடிப்பால் வகுங்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நடைமுறையில் இது பொதுவாக 0.5-க்குள் இருக்க வேண்டும். 2 மீட்டர் படலம், 1.2 மீட்டர் மிகைத் தலை என்றால் 0.6. நடவடிக்கை தேவை.

மூன்று தீர்வுகள் உண்டு. நிலப்பக்கத்தில் பெர்ம் (கரையை ஒட்டிய தாழ்ந்த மண் மேடை) போட்டுப் படலத்தைக் கனமாக்கலாம், இடமிருந்தால் இதுவே நம்பகமானது. இடமில்லையென்றால் அழுத்தம் தணிக்கும் கிணறுகள், ஆனால் அவை அடைத்துக்கொள்ளும், காலமெல்லாம் கழுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். மூன்றாவது, மணலைக் குறுக்கே வெட்டும் கசிவுத் தடுப்புச் சுவர். அது மணலின் அடிவரை போய் நீர் புகாத மண்ணில் இறங்கினால்தான் பலன். பாதியில் நின்ற சுவர், அதன் அடியால் சுற்றி வரும் நீரைப் பெரிதாகக் குறைக்காது. கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸின் லண்டன் அவென்யூ கால்வாய் உடைந்ததில் மணல் வழிக் கசிவுக்குப் பெரும் பங்கு இருந்தது.

இப்போது எழுச்சியைச் சேர்ப்போம். நீர் சில மணி நேரம்தான் நிற்கும், நிலையான கசிவுக் கணக்கு தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பாதி உண்மை. கரையின் களிமண் உடல் ஊறுவதற்கு வாரங்கள் ஆகும். ஆனால் ஆற்றடி மணலை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் மணல் வழியாகச் சில மணி நேரத்திலேயே மறுபக்கம் போய்விடும். எனவே கலப்புப் பகுதியில் நேரத்தோடு மாறும் கசிவுக் கணக்கைச் செய்யுங்கள், அதன் தொடக்க நிலையாக உலர்ந்த கரையை வைக்காமல் வெள்ளத்தில் ஊறிய கரையை வையுங்கள். மென்பொருளில் இது ஒரே ஒரு தெரிவு, அதைத் தொடாமல் விட்டால் முடிவே மாறிவிடும்.

மண் எடுக்கும் குழிகளை எங்கே வெட்டுவது என்பதையும் இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள். கரைக்கு அருகே படலத்தை வெட்டி எடுத்தால், கரையைக் கட்டிய கையாலேயே கசிவுப் பாதையையும் சுருக்கிவிடுவீர்கள்.

6. சரிவு நழுவாமல் நிற்குமா

இந்த நிலைமைகள் அனைத்துக்கும் பாதுகாப்புக் காரணியை, அதாவது மண்ணின் வலிமை தேவையைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்ணை, கணக்கிடுங்கள்: கட்டி முடித்த உடனே, நீண்ட வெள்ளத்தின் நிலையான கசிவில், ஊறிய கரையின்மேல் எழுச்சி ஏறும்போது, நீர் திடீரென இறங்கும்போது, படி 2-ல் தனி நிறத்தில் குறித்த இடங்களில் நிலப்பக்கத்திலிருந்து நீர் தள்ளும்போது. பொறியாளர் படையின் 2000-ஆம் ஆண்டுக் கரைக் கையேட்டில் கட்டி முடித்த நிலைக்கு 1.3, நிலையான கசிவுக்கு 1.4, திடீர் இறக்கத்துக்கு 1.0 முதல் 1.2 வரை என்பது பழகிய எண்கள். எழுச்சிக்கு அமெரிக்காவில் இதைவிடக் கடுமையான எண்களைக் கேட்கிறார்கள்.

திடீர் இறக்கத்தைத்தான் பலர் சடங்காகச் செய்கிறார்கள். ஆற்று வெள்ளம் மெதுவாக வடியும், மண்ணுக்குள் இருக்கும் நீரும் கூடவே வெளியேற நேரமிருக்கும். எழுச்சி அப்படி இல்லை, காற்று திரும்பியதும் நீர் விறுவிறுவென்று இறங்கும். ஏற்கெனவே வெள்ளத்தில் ஊறிய ஆற்றுப்பக்கச் சரிவு, தன்னைத் தாங்கிக்கொண்டிருந்த நீரை இழந்து, உள்ளே அழுத்தத்தோடு தனியாக நிற்கும். இரண்டு சுமைகளும் சேர்ந்தால்தான் இந்த நிலை வரும், தனித்தனிக் கணக்கில் இது தென்படவே தென்படாது.

கரைமேல் சுவர் இருந்தால் இன்னொன்றும் சேரும். நியூ ஆர்லியன்ஸின் 17-வது தெருக் கால்வாயில் ஷீட் பைலோடு (மண்ணுக்குள் அடித்து இறக்கிய எஃகுத் தகடுகள்) நின்ற சுவர் நீரின் தள்ளலில் சாய்ந்தது. சுவருக்கும் மண்ணுக்கும் இடையே பிளவு திறந்து, அதில் நீர் இறங்கி, முழு அழுத்தத்தோடு தள்ளியது. கீழே இருந்த தளர்ந்த களிமண் அடுக்கில் கரை நழுவியது. நீர் உச்சியைத் தாண்டும் முன்பே உடைந்த கரை அது. அப்படிப்பட்ட சுவர் இருந்தால் பிளவு ஷீட் பைலின் நுனிவரை நீரால் நிறைந்திருப்பதாக வைத்தே கணக்கிடுங்கள்.

7. பின்சரிவும் கரை மண்ணும்

எழுச்சி கரையை உடைக்கும் இடம் பெரும்பாலும் நிலப்பக்கம். உச்சியைத் தாண்டும் நீர் பின்சரிவில் வேகமெடுத்துக் கரையடியில் மோதும். அங்கே பள்ளம் விழுந்தால் அது மேலே ஏறிவந்து உச்சியைத் தின்னும்.

பின்சரிவை 1-க்கு 3-ஐவிட (1 மீட்டர் உயரத்துக்கு 3 மீட்டர் அகலம்) செங்குத்தாக வைக்காதீர்கள். வெட்டும் இயந்திரம் ஏற முடியாத சரிவில் புல் நன்றாக வளராது, புல் இல்லாத சரிவு எழுச்சிக்கு நிற்காது. வழியும் அளவு அதிகமிருக்கும் நீளங்களில் புல்வேரோடு பின்னும் வலுவூட்டு வலையைப் பரப்புங்கள். நியூ ஆர்லியன்ஸ் கரைகளில் இதைப் பரவலாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மண் தேர்வில் சமரசம் வேண்டாம். அங்கே கரைக் களிமண்ணுக்கு வைத்த விதி: மணல் 35 சதவீதத்துக்குக் கீழே, கரிமப் பொருள் 9 சதவீதத்துக்குக் கீழே, நெகிழ்வுக் குறியீடு (மண் பிசையத்தக்கதாக இருக்கும் ஈர அளவின் வீச்சு) 10-க்கு மேலே. கத்ரீனாவில் தூர்வாரிய மணலும் கிளிஞ்சலும் கலந்து கட்டிய கரைகள் சில இடங்களில் இருந்த தடமே தெரியாமல் போயின. அதே புயலில் நல்ல களிமண் கரைகள் பல, மேலே நீர் வழிந்தும் நின்றன.

8. இணைப்புகள்: கரை உடையும் இடங்கள்

மண்கரை சுவரோடு சேரும் இடம், மதகு, ரயில் பாதை கரையைக் கடக்கும் இடத்தில் மூடும் கதவு, பம்பு நிலையம், குழாய். படி 1-ல் எடுத்த பட்டியலை இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கான்கிரீட்டும் மண்ணும் சேரும் இடத்தில் நீர் சுழன்று மண்ணைத் தோண்டும். இரண்டின் உச்சியும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் தாழ்ந்த பக்கம் முழு ஓட்டமும் திரும்பும். சுவரை மண்கரைக்குள் நீளமாக நுழைத்து முடியுங்கள், சேரும் இடத்தின் இரண்டு பக்கத்தையும் கான்கிரீட்டாலோ கல்லாலோ மூடுங்கள். பாதுகாப்பு அமைப்பின் இரண்டு துண்டுகள் வெவ்வேறு துறைகளின் கையில் இருந்தால் இந்தச் சேர்ப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, அதுவே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்.

குழாய்களை முடிந்தவரை வடிவமைப்பு மட்டத்துக்கு மேலே உச்சி வழியாகக் கொண்டுபோங்கள். கரைக்குள் போக வேண்டியிருந்தால் நிலப்பக்கப் பகுதியில் குழாயைச் சுற்றிலும் வடிமணல் வையுங்கள். கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் போடும் பழைய வழக்கத்தில், வளையத்தைச் சுற்றி மண்ணை இறுக்கவே முடிவதில்லை.

கதவுகளுக்கு மூடும் நேரத்தைக் கணக்கிடுங்கள். வெள்ளம் பல நாள் முன்பே தெரியும். எழுச்சிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான், அதிலும் காற்று எழுந்ததும் ஆட்கள் வெளியே நிற்க முடியாது. வெள்ள நடைமுறைப்படி ஒரு குழு ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு போகும் திட்டம் எழுச்சிக்கு உதவாது.

9. கட்டும் பருவமும் வரிசையும்

பழைய கரையை வெட்டித் திறக்க வேண்டிய வேலைகளை எப்போது செய்வது? கீழ் மிசிசிப்பியில் வசந்தத்தில் ஆறு உயர்ந்திருக்கும், ஜூன் முதல் நவம்பர் வரை ஹரிக்கேன் பருவம். எஞ்சுவது குளிர்காலம். அப்போது மழையில் களிமண் நனைந்து இறுக மறுக்கும். ஒரே சுமைக்கான கரையில் இந்த நெருக்கடி இல்லை. அதனால் கால அட்டவணையைக் குத்தகைதாரரிடம் விட்டுவிடாமல் வடிவமைப்பின் பகுதியாகவே எழுதுங்கள், திறந்த இடத்துக்குத் தற்காலிகத் தடுப்பின் உயரத்தையும் குறிப்பிடுங்கள்.

தளர்ந்த அடிமண்ணில் முழு உயரத்தையும் ஒரே முறையில் ஏற்ற முடியாது. கட்டம் கட்டமாக ஏற்றி, இடையில் துளைநீர் அழுத்தம் (மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்) தணிகிறதா என்று கருவி வைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்த கட்டம். கடைசி உயரத்துக்கும் மேலே தாழ்வுக்கென்று கூடுதலாகக் கட்டுங்கள்.

புல் வேர்விட ஒரு வளர்பருவமாவது வேண்டும். கரை முடிந்த தேதியையும் புல் தயாரான தேதியையும் வேறு வேறாக அட்டவணையில் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் புயல் வந்தால் எதைப் போர்த்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

10. வரைபடம் வெளியே போகும் முன்

வடிவமைப்பு அளவைவிடப் பெரிய நிகழ்வு ஒன்றைக் கரையின்மேல் ஏற்றிப் பாருங்கள். ஆண்டுக்கு 0.2 சதவீத வாய்ப்புள்ள எழுச்சி வழக்கமான தேர்வு. அதில் நீர் உச்சியைத் தாண்டலாம், கரை உடையக் கூடாது. எந்த நீளம் முதலில் வழிய வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்து, அதன் பின்சரிவைக் கவசமிட்டு, உள்ளே வரும் நீரை எந்தப் பம்பு எத்தனை நாளில் வெளியேற்றும் என்று காட்டுங்கள். தேர்ந்தெடுக்காமல் விட்டால் அதிகமாகத் தாழ்ந்த இடம் தானாகத் தேர்ந்துகொள்ளும்.

எதிர்க்கரையையும் பக்கத்துக் கரையையும் சரிபாருங்கள். நீங்கள் உயர்த்திய கரையால் நீர் வேறெங்கே ஏறுகிறது என்று மாதிரியை மீண்டும் ஒருமுறை ஓட்டினால் தெரியும். அந்த முடிவையும் அறிக்கையில் சேருங்கள்.

பராமரிப்புக் கையேட்டில் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட வேலைகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் ஊற்று வந்த இடங்களைக் குறிப்பது, பெர்மை நிரப்புவது, கிணறுகளைக் கழுவுவது, ஆற்றுப்பக்க நழுவல்களைச் செப்பனிடுவது, விலங்கு வளைகளை மூடுவது, கதவுகளை ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிக்க வேண்டிய தேதியும் பொறுப்பாளரின் பதவியும் இருக்க வேண்டும். அந்தத் தேதிகள் எல்லாமே புயல் பருவத்தின் முதல் நாளுக்கு முன்னால் விழ வேண்டும்.